சூடானால் நின்றுபோகும் கார்

பக்கிரிசாமி கேள்வி கேட்பதற்கு முன்பே ரபேலின் வலது கையை உடைத்துவிட்டான்.

மலேசியாவின் கிள்ளானில், தொழிற்பேட்டைச் சந்து ஒன்றின் கடைசியில் இருந்தது ரபேலின் ஒர்க்‌ஷாப். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சந்தில் யாரும் கடை திறப்பதில்லை. மூலையில் இருந்த கார் கழுவும் கடை மட்டும் திறந்திருக்கும். அங்கே வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்கள் தண்ணீர் பம்பை ஓடவிட்டால் பக்கத்தில் யார் கத்தினாலும் கேட்காது. ரபேலும் அவன் மனைவி ரோசலினும் பூசைக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் கொடுக்கவேண்டிய லோரி ஒன்றின் பிரேக்கை முடித்துவிடலாம் என்று மத்தியானத்துக்கு மேல் கடையைத் திறந்திருந்தார்கள்.

சாம்பல் நிறக் கார் ஒன்று நேராக உள்ளே வந்து நின்றது. ரபேலுக்கு அந்தக் காரைத் தெரியும். போன மாதம் அவன்தான் அதைச் சரிபார்த்துக் கொடுத்தான். அதை ஓட்டிவந்த பக்கிரிசாமியின் டிரைவர் சின்னையாவையும் தெரியும். வெடவெடவென்று ஒல்லியாக, எப்போதும் சிரித்துப் பேசுகிற ஆள். அன்று சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் அடியாள் வேலாயுதம் இறங்கி, இரும்புக் கதவைத் தடதடவென்று கீழே இழுத்துவிட்டான். கடைசியாகப் பக்கிரிசாமி இறங்கினான். கையில் பாராங் கத்தி இருந்தது.

"அண்ணே, வாங்க..." என்று ரபேல் ஆரம்பித்தான்.

வேலாயுதம் அவன் பிடரியைப் பிடித்து மேசைக்கு இழுத்துப்போய், வலது கையை அதில் பொருத்தியிருந்த வைஸ் இடுக்கிக்குள் திணித்து இறுக்கினான். ரோசலின் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். முழங்கையால் ஓர் இடி. டயர் அடுக்கின்மேல் போய் விழுந்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் பக்கிரிசாமி எடுத்த சுத்தியல் இறங்கிவிட்டது. இரண்டாம் முறையும் இறங்கியது. ரபேல் கத்திய கத்தல் மனிதக் குரல் மாதிரியே இல்லை.

பக்கிரிசாமியின் தம்பி குகனை வெட்டிக் கொன்ற செய்தி கிள்ளான் முழுவதும் தெரிந்ததுதான். லோரி நிறுத்துமிடங்களை யார் கையில் வைத்திருப்பது என்பதில் பக்கிரிசாமியின் கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நெடுநாள் பகை. பண்டமாரான் போகிற சாலையில், சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது மோட்டார்சைக்கிள்களில் வந்து சூழ்ந்துகொண்டார்கள் என்றும், குகன் இறங்கி ஓடியபோது ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வைத்து வெட்டினார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். அவன் எதற்காகக் காரைவிட்டு இறங்கி ஓடினான் என்பது மட்டும் வெளியே யாருக்கும் தெரியாமல் இருந்தது.

பக்கிரிசாமி இப்போது அதைச் சொன்னான். குரலை உயர்த்தவே இல்லை.

"கார் நின்னுருச்சு. சிக்னல்ல. பச்சை விழுந்துருச்சு, சின்னா சாவியத் திருப்பிக்கிட்டே இருந்தான். ஸ்டார்ட் ஆகல. என் தம்பி எறங்கி ஓடினான். அவனுங்க அவனத் தொரத்திக்கிட்டுப் போனப்புறம், கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு திருப்புல ஸ்டார்ட் ஆயிருச்சு. அப்படித்தானடா?"

சின்னையா தலையை ஆட்டினான். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன மாசம் இதே மாதிரி நிக்குதுன்னுதான் உங்கிட்ட குடுத்தேன், ரபேலு. சரியாயிருச்சுன்னு சொன்ன. அவனுங்க உனக்கு எவ்வளவு குடுத்தானுங்க?"

"சாமி சத்தியமா..." ரபேலுக்கு மேற்கொண்டு பேச வரவில்லை. வைஸைத் தளர்த்தியதும் அப்படியே சரிந்து டயர்களுக்குப் பக்கத்தில் விழுந்தான். கை விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் திரும்பிக் கிடந்தன. ரோசலின் தன் துப்பட்டாவைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினாள். சுற்றச் சுற்ற நனைந்தது.

"ஏன் நின்னுச்சுன்னு இப்ப எனக்குக் காட்டணும். பொருளு தானாக் கெட்டுப்போச்சா, எவனாச்சும் கெடுத்தானா, எனக்குத் தெரியணும். தெரியாம நான் இங்கேருந்து போகமாட்டேன். நீங்களும் போகமாட்டீங்க."

"அவரால எப்படி அண்ணே பாக்க முடியும்? கைய ஒடச்சுட்டீங்களே!"

"நீ பாரு."

ரோசலினுக்கு வேலை தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வேலை பார்த்தவள். ஒர்க்‌ஷாப் ஆரம்பித்த நாளிலிருந்து வயரிங் வேலையெல்லாம் அவள்தான். பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் ஒரே திருப்பில் கிளம்பியது. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

"சூடாகட்டும் அண்ணே," என்றாள். "சூடானாத்தான் தெரியும்."

மூடிய கடைக்குள் புகை நிறைந்தது. எல்லோரும் இருமினார்கள். பக்கிரிசாமி கதவை ஒரு முழம் மட்டும் தூக்கிவிடச் சொன்னான். வேலாயுதம் ரபேலின் பக்கத்தில் ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, பக்கிரிசாமியிடம் வாங்கிய பாராங் கத்தியை அவன் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டான். சின்னையா மேசையருகே நின்றபடி கையைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

இன்ஜின் தட்டுத்தடுமாறவில்லை, குலுங்கவும் இல்லை. சூடேறியதும், யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது போல நின்றது.

"காயில்..." தரையிலிருந்து ரபேல் முனகினான். "ரோசி, காயில மாத்திப் பாரு. ஷெல்ஃபுல பழசு இருக்கு."

புதிதாக எதையும் வாங்காமல், கடையில் கிடக்கும் நல்ல நிலையில் உள்ள பழைய சாமான்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் ரபேலின் வழக்கம். எதைப் போட்டதும் வண்டி சரியாகிறதோ அதுதான் கெட்டது. ரோசலின் கொதிக்கும் இன்ஜின்மேல் கையை வைத்துச் சுட்டுக்கொண்டு, பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயில்களைக் கழற்றினாள். பழையவற்றைப் போட்டாள். திருகாணிகள் விரல்களிலிருந்து நழுவி நழுவி விழுந்தன. எல்லாம் முடிய நேரமாயிற்று. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் கிளம்பியது.

"பாத்தீங்களா அண்ணே, காயில்தான்!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "தானாக் கெட்டதுதான். யாரும் ஒண்ணும் பண்ணல."

பக்கிரிசாமி இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றான். ரோசலினும் பார்த்தாள். நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

நின்றது.

வேலாயுதம் எழுந்து ரபேலின் விலாவில் உதைத்தான். மறுபடியும், மறுபடியும் உதைத்தான். ரபேல் வாயிலிருந்து எச்சிலோடு இரத்தம் வந்தது. ரோசலின் பாய்ந்துபோய் அவன்மேல் குப்புற விழுந்தாள். அடுத்த உதை அவள் இடுப்பில் விழுந்தது.

"எந்திரி," என்றான் பக்கிரிசாமி. "இன்னொரு தடவ பொய் சொன்னா, அவன் கால நான் எடுத்துக்குவேன்."

எழுந்து நின்றபோது அவளுக்கு விஷயம் புரிந்தது. காயிலை மாற்றியதால் இன்ஜின் கிளம்பவில்லை. மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எதுவோ ஆறிவிட்டது, அதனால்தான் கிளம்பியது. ஆறவிட்டுவிட்டு எதை மாற்றினாலும் சரியான மாதிரிதான் தோன்றும். இன்ஜின் செத்துக் கிடக்கும்போதே, உடனே பார்க்கவேண்டும்.

ஒரு காயிலை உருவி, அதன் முனையில் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றைச் செருகி, இன்ஜினின் இரும்பின்மேல் வைத்துப் பிடித்தாள். "சாவியத் திருப்புங்க," என்று சின்னையாவிடம் கத்தினாள். அவன் அசையவில்லை. பக்கிரிசாமியே போய்த் திருப்பினான். பிளக்கின் முனையில் நீலமாகப் பொறி அடித்தது.

"தீப்பொறி வருது. அப்ப பெட்ரோல்தான் வரல."

பின்னிருக்கைக்கு அடியில் காதை வைத்துக்கொண்டு மறுபடியும் சாவியைத் திருப்பச் சொன்னாள். பெட்ரோல் பம்ப் நல்லபடியாக இருந்தால் சாவி போட்டதும் ஒரு நொடி வண்டு மாதிரி ரீங்காரமிடும். சத்தமே இல்லை. பம்ப் போன மாதம் மாற்றியது. பம்புக்கு மின்சாரத்தை விடுகிற ரிலேயும் அப்போதே மாற்றியதுதான். ரிலே என்பது தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு தட்டு சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும். ஹாரனுக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு.

பியூஸ் பெட்டியைத் திறந்து ஹாரன் ரிலேயைப் பிடுங்கி, பம்ப் ரிலே இருந்த இடத்தில் செருகினாள். பின்னிருக்கைக்கு அடியில் வண்டு முனகியது. இன்ஜின் கிளம்பியது. மறுபடி பழையதைச் செருகினாள், இன்ஜின் செத்தது. ஹாரன் ரிலேயைச் செருகினாள், உயிர் வந்தது.

"இதுதான்," என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

கழற்றிய ரிலேயைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அவள் கை நின்றது. ரபேல் மாட்டுகிற ஒவ்வொரு சாமானிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பான். வேறு கடையில் வாங்கிய சாமானைக் கொண்டுவந்து சண்டை பிடிக்கிறவர்களுக்காக வைத்த பழக்கம். இதில் பொட்டு இல்லை. பொருளும் பழசு. செருகும் கம்பிக் கால்களில் ஒன்று தீய்ந்து கறுத்திருந்தது. திருப்புளியால் மூடியை நெம்பினாள். அந்தக் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் வட்டமாக ஓடியது. தொழிற்சாலையில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறாள். ஆறியிருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடானால் விலகிவிடும். யாரோ இவர்கள் போட்ட புதியதைக் கழற்றிக்கொண்டு, கெட்டுப்போன ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தாள். சின்னையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை. யாருக்கும் தெரியாமல் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினான். சொல்லாதே என்று கெஞ்சினான்.

"என்ன அது?" என்றான் பக்கிரிசாமி.

"ரிலே, அண்ணே. சின்ன சாமான். உள்ளே ஈயம் விட்டுப்போச்சு. இது சகஜம். யாரு தப்பும் இல்ல."

"போன மாசம் மாத்துனது?"

அவள் ரபேலைப் பார்த்தாள்.

"ரபேலு, போன மாசம் ரிலே மாத்துனியா?"

"மாத்துனேன் அண்ணே," என்றான் ரபேல். அரைமயக்கத்தில் இருந்தான். பொட்டு இல்லாததை அவன் பார்க்கவில்லை. "புதுசு... புதுசுதான் போட்டேன்."

"புதுசு ஒரு மாசத்துல செத்துருச்சு." பக்கிரிசாமி அந்த ரிலேயை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "இந்தக் குப்பைக்காக என் தம்பி செத்தான். வேலு, அவன் தலையத் தூக்கு."

வேலாயுதம் ரபேலின் முடியைப் பிடித்துத் தூக்கி, கழுத்தை டயர்மேல் சாய்த்தான். பக்கிரிசாமி பாராங்கை வாங்கிக்கொண்டான். ரோசலின் மறுபடியும் சின்னையாவைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பான் என்று நினைத்தாள். ஒரு சொல் போதும். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அது நாங்க போட்டது இல்ல!"

பக்கிரிசாமி திரும்பினான்.

"நாங்க போட்டா மஞ்சப் பொட்டு இருக்கும். அங்க பாருங்க, பம்புல இருக்கு. காயில் வயர்ல இருக்கு. இதுல இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க."

அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பக்கிரிசாமி மஞ்சள் பொட்டுகளைப் பார்த்தான். கையிலிருந்ததைப் பார்த்தான். பிறகு சின்னையாவை. அந்தக் காரை இரவும் பகலும் கையில் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

"அண்ணே, அவ பொய் சொல்றா."

"சின்னா."

"அண்ணே... என் பொண்டாட்டி ஸ்கூல் வேன் ஓட்டுறா இல்ல? அன்னிக்குக் காலைல மொத நடை போயிட்டு வந்து நிறுத்தினா, மறுபடி ஸ்டார்ட் ஆகல. பிள்ளைங்களுக்குப் பரீட்சை, அழுதா. நான் இதுல உள்ளத எடுத்து அதுல போட்டுட்டு, அதுல உள்ளத இதுல போட்டேன். காரும் ஸ்டார்ட் ஆச்சுண்ணே, நல்லாத்தான் ஓடுச்சு. சாயங்காலம் புதுசு வாங்கி மாத்திரலாம்னு... அன்னிக்கே குகன் கூப்பிடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் காட்டிக் குடுக்கல அண்ணே. குகன் எனக்கும் தம்பி மாதிரி இல்லையா?"

அவன் சொன்னது உண்மை என்று ரோசலினுக்கு அந்த நிமிடமே தெரிந்தது. பக்கிரிசாமிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தம்பியைக் கொன்றவர்களில் ஒருவரையும் இன்னும் அவனால் தொட முடியவில்லை, கைக்கு எட்டியவன் இவன்தான்.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. சின்னையா மேசைமேல் சாய்ந்து, போல்ட் டப்பாக்களையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டு கீழே உருண்டான். இரண்டாவது வெட்டைத் தடுக்கக் கையை உயர்த்தினான். கை தடுக்கவில்லை. "மாரியாயி!" என்று மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். வேலாயுதம்கூட ரபேலை விட்டுவிட்டு, "போதும் பாஸ், போதும் லா!" என்று பின்வாங்கினான்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரோசலின் காருக்குள் பாய்ந்தாள். ரிவர்ஸ் போட்டு மிதித்தாள். கார் பின்னால் பறந்துபோய் இரும்புக் கதவில் மோதியது. கதவு சட்டத்தைவிட்டுப் பிய்ந்து காரின் முதுகில் தொங்க, கார் சந்தின் நடுவில் வந்து நின்றது. மோதிய வேகத்தில் திறந்திருந்த பானெட் தானாக விழுந்து மூடிக்கொண்டது. ஹாரனை அமுக்கினாள். சத்தம் வரவில்லை. ஹாரனின் ரிலேதானே இப்போது பம்பில் இருக்கிறது! கண்ணாடியை இறக்கி, தொண்டை கிழியக் கத்தினாள். மூலையில் தண்ணீர் பம்ப் நின்றது.

அப்படியே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். ரபேல் உள்ளே கிடந்தான்.

பக்கிரிசாமி பாராங்கோடு வெளிச்சத்துக்கு வந்தான். கத்தியில் இரத்தம் வழிந்தது. நடந்துதான் வந்தான், ஓடவில்லை. ரோசலின் கியரை மாற்றி, அவனைப் பார்த்து நேராக விட்டாள். விலகிவிடுவான் என்று கடைசிவரை நினைத்தாள். அவன் விலகவில்லை. பானெட்மேல் விழுந்து, கண்ணாடியில் முகம் மோதி, காரோடு சேர்ந்தே கடைக்குள் வந்து, வண்டி தூக்கும் லிஃப்டின் தூணுக்கும் காருக்கும் இடையில் நசுங்கினான். பாராங் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. இறங்கி ரபேலிடம் ஓடினாள். வேலாயுதம் சந்தில் இறங்கி ஓடுவதையும், கார் கழுவுகிறவர்கள் தண்ணீர்க் குழாய்களோடும் கம்புகளோடும் ஓடிவருவதையும் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகுதான் சின்னையாவிடம் போனாள். தன் இரண்டு கையாலும் அவன் தோளை அழுத்திப் பிடித்தாள். அவன் எதையோ சொல்ல முயன்றான். வெறும் காற்றுதான் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் உயிரோடு இருந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது இல்லை.

பக்கிரிசாமி பிழைத்தான், இரண்டு காலும் போயின. கட்டிலில் விலங்கு மாட்டி வைத்திருந்தார்கள். வேலாயுதத்தைப் பங்சாரில் அவன் அக்கா வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். ரோசலினை இரண்டு தடவை போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கடைசியில், "நீங்க செஞ்சது தற்காப்புக்குத்தான்னு எழுதியிருக்கேன்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரபேலின் கைக்குள் தகடும் ஆணியும் வைத்தார்கள். ஸ்பேனர் பிடிப்பதைப் பற்றி டாக்டர் பேச்சே எடுக்கவில்லை.

ரபேல் வார்டில் இருந்தபோது மாரியாயி வந்தாள். அவளை அதற்கு முன் ரோசலின் பார்த்ததில்லை. கறுப்புச் சட்டை, நெற்றியில் ஒன்றும் இல்லை, கண் வீங்கிக் கிடந்தது. கட்டிலருகே வந்து நின்று, "ரோசலின் நீங்கதானா?" என்றாள்.

"ஆமாக்கா."

கன்னத்தில் அறை விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தாதி ஓடிவந்தாள். ரோசலின் அவளைக் கையமர்த்தினாள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. போலீஸ் சொல்றது எனக்குப் புரியல. என்னமோ ரிலேங்கறாங்க."

ரோசலின் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் தலையாட்டிக் கெஞ்சியதையும், தான் முதலில் மறைக்கப் பார்த்ததையும், பிறகு சொன்னதையும் சொன்னாள். மாரியாயி கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் அழுதேன்," என்றாள். "வேன் ஸ்டார்ட் ஆகல, பிள்ளைங்க பரீட்சைக்குப் போகணும்னு. அவரு போயி என்னமோ பண்ணிட்டு வந்தாரு. ஸ்டார்ட் ஆயிருச்சு. நான் என்ன பண்ணுனீங்கன்னுகூடக் கேக்கல."

ரோசலின் அவள் கையைப் பிடிக்கப் போனாள். மாரியாயி கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வேற எதாச்சும் சொல்லியிருக்கலாம்."

"இவரு கழுத்துல கத்தி இருந்துச்சுக்கா."

மாரியாயி தூங்கிக்கொண்டிருந்த ரபேலையும் கட்டுப்போட்ட அவன் கையையும் வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியும். நானா இருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன்," என்றாள். "ஆனா இனிமே என் கண்ணுல படாதீங்க. சாவு வீட்டுக்கும் வராதீங்க."

அவள் எழுந்து போனாள். வார்டின் கதவு வரைக்கும் நேராக நடந்தவள், கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தோள்கள் குலுங்கின. ரோசலின் எழுந்தாள். போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.